கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது, மொபைலுக்குன்னு எதுக்குத் தனியாச் செலவு?

லாட்ஜ்காரர் | ஜூன் 8, 2024

வேலூர்ல சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துல லாட்ஜ் வெச்சிருக்கோம், அப்பா காலத்துலேர்ந்து. 2012-ல வெப்சைட் போட்டோம். கம்ப்யூட்டர்ல இன்னிக்கும் அம்சமாத்தான் இருக்கு. இப்போ ஒரு பையன் வந்து, மொபைலுக்கு ஏத்த மாதிரி மாத்தணும், நாப்பதாயிரம் ஆகும்ங்கறான். எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேரு காட்பாடி ஸ்டேஷன்லேர்ந்து ஆட்டோக்காரர் கூட்டிட்டு வர்றவங்க. மீதிப்பேரு போன் பண்றாங்க. சைட்டைப் பாத்து யார் வர்றா? இது நெஜமாவே தேவையா, இல்ல என் தலையில மொளகா அரைக்கப் பாக்கறானா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சத்துவாச்சாரியான் | ஜூன் 8, 2024, இரவு

நான் சைட் பண்ணிக்கொடுத்துத்தான் சாப்பிடறேன். அதனால நான் சொல்றதுல கொஞ்சம் கழிச்சே எடுத்துக்குங்க.

உங்க ப்ரொஃபைல்ல இருக்கிற லிங்க்கை என் போன்ல திறந்தேன். கல்யாணப் பத்திரிகையைத் தபால் தலை சைஸுக்குச் சுருக்கினது மாதிரி இருக்கு. காரணம் சொல்றேன். 2007-ல ஐபோன் வந்தப்போ உலகத்துல இருந்த சைட் முக்கால்வாசி கம்ப்யூட்டருக்குன்னே செஞ்சது. அதுங்களைக் காட்டணுமேன்னு, போன் பிரவுசர் தன் திரை 980 பிக்சல் அகலம்னு பாவிச்சுப் பக்கத்தை வரைஞ்சு, அப்புறம் அதைச் சுருக்கிக் காட்ட ஆரம்பிச்சுது. பக்கத்தோட தலைப்பகுதியில 'வியூபோர்ட்'னு ஒரு வரி எழுதினா அந்தச் சுருக்கல் நின்னுடும். உங்க சைட்ல அந்த வரி இல்ல.

அந்த ஒரு வரியைச் சேத்தா வேலை முடிஞ்சுதான்னு கேட்டா, முடியாது. உங்க பக்கம் 960 பிக்சல்னு அடிச்சு வெச்ச டேபிள்ல கட்டினது. வரியைச் சேத்தீங்கன்னா எழுத்து பெருசாகும், ஆனா பாதிப் பக்கம் வலது பக்கமா வெளியில போயிடும். பக்கத்தைக் கட்டின விதத்தையே மாத்தணும். ஒரே பக்கம் திரை அகலத்துக்கு ஏத்தாப்பல தன்னை அடுக்கிக்கிற முறைக்கு ரெஸ்பான்சிவ்னு பேரு. ஈதன் மார்கோட்டுன்னு ஒரு அமெரிக்கர் 2010 மே மாசமே அதைப் பத்தி எழுதிட்டார். உங்க சைட் போட்டது 2012. அப்பவே இப்படிச் செஞ்சு கொடுத்திருக்கலாம். கேக்காதவங்களுக்கு எதுக்குன்னு விட்டிருப்பாங்க.

ஒரு வேலை பண்ணுங்க. நாளைக்கு மத்தியானம் வைஃபையை அணைச்சுட்டு, லாட்ஜ் வாசல்ல வெயில்ல நின்னு, ஒரு கையில பையைப் பிடிச்சுக்கிட்டு, உங்க சைட்லேர்ந்து உங்களுக்கே போன் பண்ணிப் பாருங்க. நாப்பதாயிரம் பத்தி அப்புறம் பேசலாம்.

சத்துவாச்சாரியான் | ஜூன் 8, அதுக்கப்புறம்

ஒண்ணு விட்டுப்போச்சு. ஆட்டோக்காரர் கூட்டிட்டு வர்ற ஒவ்வொரு பார்ட்டிக்கும் கமிஷன் எவ்வளவு கொடுக்கறீங்க? அதை இங்க எழுத வேணாம். மனசுக்குள்ள மாசக் கணக்குப் போட்டுப் பாருங்க.

ஜூன் 11

'யார் சைட்டைப் பாக்கறா'ங்கற கேள்விக்குப் பதில் நேத்து கண்ணால பாத்தேன்.

பாபு ராவ் தெருவுல டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். தெரியாதவங்களுக்கு: ஆஸ்பத்திரிக்கு எதிர்ல லாட்ஜும் மெஸ்ஸும் மருந்துக்கடையுமா இருக்கிற பகுதி அது. போர்டு பாதி வங்காளியில இருக்கும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்குலேர்ந்தெல்லாம் வைத்தியத்துக்கு வர்றவங்க வாரக்கணக்குல, சில பேர் மாசக்கணக்குல தங்கற இடம். ரயில்லேர்ந்து இறங்கின களைப்போட ஒரு குடும்பம். புருஷன், பொண்டாட்டி, நடக்க முடியாத ஒரு பெரியவர். புருஷன் கையில பழைய ஆண்ட்ராய்டு போன். அதுல ஒரு லாட்ஜோட சைட். (உங்களது இல்ல, பயப்படாதீங்க.) ரெண்டு விரலால பெருசு பண்றார், நகத்தறார், திரும்பப் பெருசு பண்றார். போன் நம்பர் மேல பேனர் படத்துக்குள்ள இருக்கு. படத்துல இருக்கிற நம்பரை அமுக்கினா கால் போகாது, காப்பியும் பண்ண முடியாது. கடைசியில அவர் ரெண்டு ரெண்டு எண்ணா வாய்விட்டுப் படிக்கறார், அந்தம்மா இன்னொரு போன்ல அடிக்கறாங்க. நடுவுல ஒரு ஆட்டோ ஹாரன் அடிச்சுது, எண் தப்பிப்போச்சு. அந்தப் பெரியவர் பெட்டி மேலயே உக்காந்துட்டார்.

டீக்கடைக்காரர் 'இன்னா சார், ரூமா?'ன்னு கேட்டு நேரா கையைக் காட்டினார். அங்கயே போயிட்டாங்க. சைட் வெச்சிருந்த லாட்ஜ்காரருக்கு இது நடந்ததே தெரியாது. அவரும் உங்களை மாதிரியே 'சைட்டைப் பாத்து யார் வர்றா'ன்னுதான் கேட்டுக்கிட்டிருப்பார்.

நம்பர் படமா இல்லாம எழுத்தா இருக்கணும், அதைத் தொட்டா கால் போற மாதிரி லிங்க் கொடுத்திருக்கணும். அரை நிமிஷ வேலை. உங்க பழைய சைட்டை அப்படியே வெச்சுக்கிட்டாலும் இதை மட்டுமாவது இன்னிக்கே பண்ணச் சொல்லுங்க.

ஜூன் 12

இங்க ஒரு நண்பர், ஜூலை 5-க்கு அப்புறம் மொபைலுக்கு மாத்தாத சைட்டையெல்லாம் கூகுள் தூக்கிடப்போகுதுன்னு எழுதியிருக்கார். வாட்ஸாப்புலயும் அதே ஓடுது. அப்படி இல்ல. கூகுள் சொன்னது இது: ஜூலை 5-லேர்ந்து மிச்சம் மீதி சைட்டையும் மொபைல் வேஷத்துல வர்ற 'பாட்'டை (சைட்டைப் படிக்க கூகுள் அனுப்பற புரோகிராம்) வெச்சுத்தான் படிப்போம், போன்ல திறக்கவே திறக்காத சைட் எங்க தேடல் பட்டியல்ல இருக்காது. 'திறக்கவே திறக்காத'ங்கறதை யாரும் ஃபார்வர்டு பண்ணல. லாட்ஜ்காரர் சைட் அசிங்கமாத் திறக்குது, ஆனா திறக்குது. எங்கயும் போகாது.

இது இன்னிக்குத் திடீர்னு முளைச்ச சமாச்சாரமும் இல்ல. 2015 ஏப்ரல் 21-லயே போன்ல படிக்க முடியற பக்கத்துக்கு மொபைல் தேடல்ல முன்னுரிமைன்னாங்க. 2016 நவம்பர்ல, இனி மொபைல் பக்கத்தை வெச்சுத்தான் ஒரு சைட்டை எடை போடப்போறோம்னு அறிவிச்சாங்க. 2023 அக்டோபர்ல அது முடிஞ்சுதுன்னும் சொல்லிட்டாங்க. பயம் காட்டி வேலை பிடிக்கிறவங்க எங்க தொழில்ல நிறைய. 'கூகுள் தூக்கிடும்'னு ஆரம்பிக்கறவர்கிட்ட எந்தப் பக்கத்துல எழுதியிருக்குன்னு காட்டச் சொல்லுங்க.

ஜூன் 15

'சைட் எதுக்கு, ஆப் போடு'ன்னு ஒருத்தர். வாழ்க்கையில ஒருதடவை வேலூர் வர்ற மனுஷன், ரூம் எடுக்க உங்க ஆப்பை இறக்குவாரா? போன்ல இடம் இல்லாம பேரன் போட்டோவை அழிச்சுக்கிட்டிருக்கார் அவர்.

பெரிய கம்பெனிங்களே இதுல சுட்டுக்கிட்டு வந்ததுங்க. ஃப்ளிப்கார்ட் 2015-ல மொபைல் சைட்டை மூடி எல்லாரையும் ஆப்புக்குத் தள்ளினாங்க. அதே வருஷக் கடைசியில ஃப்ளிப்கார்ட் லைட்னு பிரவுசர்லயே ஓடற பக்கத்தைக் கொண்டுவந்தாங்க. மிந்த்ரா 2015 மே மாசம் ஆப் மட்டும்தான்னாங்க, மறு வருஷம் கம்ப்யூட்டர் சைட்டைத் திரும்பத் திறந்தாங்க. அவங்களுக்கே அப்படி. நம்ம ஊருல பன்னெண்டு ரூம் லாட்ஜுக்கு ஆப்பா?

மொபைலுக்குன்னு தனி முகவரியில தனி சைட் வெக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. வேணாம். ரெண்டு சைட் வெச்சா வாடகையை ஒண்ணுல ஏத்துவீங்க, இன்னொண்ணுல மறந்துடுவீங்க. ரிசப்ஷன்ல சண்டை வரும்.

ஜூன் 16

பிரியாணிக்கடை மெனுவை பி.டி.எஃப்.ஆ வெக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்பூர் தாண்டி பஸ் போயிக்கிட்டிருக்கும்போது உங்க பி.டி.எஃப். இறங்கி முடியறதுக்குள்ள வாணியம்பாடி வந்துடுது. பசி போயி தூக்கம் வந்துடுது.

ஜூன் 22

தமிழ் சைட் பத்தி யாருமே பேசல.

பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்ச பக்கங்கள் இன்னும் எங்க மாவட்டத்துல உயிரோட இருக்கு. கடை கம்ப்யூட்டர்ல அந்த எழுத்துரு இருக்கும், அதனால முதலாளிக்கு நல்லாத் தெரியும். கஸ்டமர் போன்ல அது இருக்காது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா, பூனை கீபோர்டு மேல நடந்துபோன கணக்கா வரும். எந்த போன்லயும் தெரியற பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாத்தாம மொபைல்னு பேசறது வீண். சிலர் இதுக்கு பயந்து தமிழை படமாப் போட்டுடறாங்க. அப்போ கூகுளாலயும் சரியாப் படிக்க முடியாது, பெருசு பண்ணினா மங்கிப்போகும்.

யூனிகோடுலயும் ஒரு சிக்கல். நம்ம வார்த்தை நீளம். 'முன்பதிவுசெய்துகொள்ளலாம்'னு ஒரு பட்டன் வெச்சா, சின்ன போன்ல பட்டனை உடைச்சுக்கிட்டு வெளியில வரும். டெவலப்பர் ஆங்கிலத்துல 'புக்'னு நாலெழுத்து போட்டு டெஸ்ட் பண்ணியிருப்பார், அவருக்குத் தெரியாது. 'ரூம் வேணும்'னு போடுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கொம்பு, சுழின்னு மேலயும் கீழயும் போற எழுத்துங்கறதால வரிக்கு வரி இடைவெளியும் ஆங்கிலத்தை விடக் கொஞ்சம் கூட விடணும்.

நிறம் இன்னொண்ணு. வெள்ளைப் பின்னணியில வெளிர் சாம்பல் எழுத்து இப்போ ஃபேஷன். ஏ.சி. ரூம்ல நல்லாத்தான் இருக்கும். வேலூர் வெயில்ல, கிரீன் சர்க்கிள்ல நின்னு அதைப் படிச்சுக் காட்டறவங்களுக்கு நான் ஆற்காடு மக்கன் பேடா வாங்கித் தர்றேன்.

ஜூன் 23

மக்கன் பேடா கேட்டு மூணு பேர் தனிச்செய்தி. படிச்சுக் காட்டினாத்தான்.

ஜூன் 30

ராணிப்பேட்டையில தோல் ஏற்றுமதி பண்றவர் ஒருத்தர் கேட்டிருக்கார்: 'எங்க பையர், அதாவது சரக்கு வாங்கறவங்க, ஜெர்மனியிலயும் இத்தாலியிலயும் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறவங்க. எங்களுக்கெதுக்கு மொபைல்?'

இதுக்கு உடனே பதில் எழுதாம ஒரு வாரம் விட்டுவெச்சேன், ஏன்னா அவர் சொல்றதுல பாதி சரி. கனம், ஃபினிஷ், நிறம்னு பத்துப் பதினஞ்சு கட்டம் உள்ள அட்டவணையை யாரும் போன்ல ஒப்பிட்டுப் பாக்க மாட்டாங்க. ஆர்டரும் மெயில்லதான் வரும். ஆனா அந்த மெயில் வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் இருக்கு. சென்னையில நந்தம்பாக்கத்துல வருஷா வருஷம் நடக்கிற தோல் கண்காட்சியில, ஸ்டால் முன்னாடி விசிட்டிங் கார்டை வாங்கின பையர் அங்கயே போன்ல உங்க பேரை அடிச்சுப் பாப்பார். எல்.டபிள்யூ.ஜி. சான்று (சுற்றுச்சூழல் கெடாம தோல் பதனிடறாங்கன்னு கொடுக்கறது) இருக்கா, என்னென்ன தோல் பண்றீங்கன்னு. அந்த நேரம் அவர் கையில கம்ப்யூட்டர் இல்ல.

இதை விடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு, அவருக்கு அது பிடிக்காது. எனக்குத் தெரிஞ்ச ஒரு தோல் பதனிடற டேனரியில, மகன் சைட்டை மொபைலுக்கு மாத்தறேன்னு ரொம்ப அழகா மாத்தினார். 'போன்ல இவ்வளவு எதுக்கு'ன்னு தயாரிப்பு அட்டவணை, சான்றிதழ் பக்கம் ரெண்டையும் மொபைல் பக்கத்துலேர்ந்து எடுத்துட்டார். கம்ப்யூட்டர்ல அதெல்லாம் அப்படியே இருந்துச்சு. கூகுள் படிக்கறது மொபைல் பக்கத்தை. அதுல இல்லாதது கூகுளுக்கு இல்ல. ஜெர்மனியில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தேடறவருக்கும் அந்த அட்டவணை வராமப் போச்சு. அமுக்கினா விரியற மாதிரி மடிச்சு வெச்சிருந்தா பிரச்சினையே இல்ல, மடிச்சு வெச்சதை கூகுள் படிக்கும்.

ஆக, பையர் போனே வெச்சுக்காத ஆளா இருந்தாலும் மொபைல் பக்கம் ஒழுங்கா இருந்தாகணும்.

ஜூலை 6

ஜூலை 5 போயிடுச்சு. லாட்ஜ்காரர் சைட் கூகுள்ல அப்படியே இருக்கு. அசிங்கமா, ஆனா இருக்கு.

ஜூலை 14

இதுவரைக்கும் எழுதினதைத் திரும்பப் படிச்சேன். எல்லாரும் சைட் வெக்கணும், மாத்தணும்னு நான் சொல்றது மாதிரி ஆயிடுச்சு. கொசப்பேட்டையில ஒரு தையல் கடை, தோட்டப்பாளையத்துல ஒரு மளிகை, ஆற்காட்டுல ஒரு ஸ்வீட் ஸ்டால் — இவங்களுக்கு சைட்டே வேணாம்னுதான் நான் நேர்ல சொல்றேன். கூகுள் மேப்புல கடையைச் சரியான இடத்துல பதிவு பண்ணி, நேரம், நம்பர், நாலு நல்ல போட்டோ போட்டு, வாட்ஸாப் பிசினஸ் வெச்சா போதும். காசு வாங்க யு.பி.ஐ. இருக்கு. எல்லாம் போன்லயே, எல்லாம் இலவசம். அஞ்சு வருஷத்துக்கு முந்தின விலை போட்ட, திறக்காத சைட் ஒண்ணு வெச்சிருக்கறதை விட இது எவ்வளவோ மேல்.

வி.ஐ.டி. பையன் ஒருத்தர் 'மெஸ் தேடறதுக்கு எவன் லேப்டாப் திறக்கறான்'னு எழுதியிருக்கார். லேப்டாப் இருக்கற பையனே அப்படி. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்ததுக்கப்புறம் இன்டர்நெட்டுக்குள்ள வந்த ஜனங்கள்ல நிறையப் பேருக்கு கம்ப்யூட்டரே கிடையாது, போன்தான் எல்லாம். அடுத்த மாசமே, அந்த அக்டோபர்ல, உலக அளவுல இன்டர்நெட் பாக்கறதுல மொபைலும் டேப்லெட்டும் சேந்து கம்ப்யூட்டரை முந்திச்சுன்னு, சைட் பாக்கறவங்களை எண்ணற ஸ்டாட்கவுன்டர் கம்பெனி கணக்குப் போட்டுச்சு. 51.3 சதவீதம். எட்டு வருஷம் ஆகப்போகுது.

லாட்ஜுக்கு மட்டும் சைட் வேணும்ங்கறேன். வர்றவர் ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து, நோயாளியைக் கூட்டிட்டு, பாக்காத ஊருக்கு வர்றார். மேப்புல இருக்கிற நாலு போட்டோ அவருக்குப் போதாது. சமையல் பண்ணிக்க அடுப்பு உண்டா, பாத்ரூம் வெஸ்டர்னா, ஓ.பி.டி.க்கு (வெளிநோயாளிப் பிரிவு) எத்தனை நிமிஷ நடைன்னு அவருக்குக் கேள்வி நிறைய.

ஜூலை 21

லாட்ஜ்காரர் திரும்ப வந்திருக்கார். பையன் நாப்பதுலேர்ந்து இருபத்தெட்டுக்கு இறங்கிட்டானாம், என்னென்ன கேட்டு வாங்கணும்னு கேக்கறார்.

விலையை விட்டுட்டு இதைக் கேளுங்க. முதல்ல போட்டோ. உங்க ரூம் படம் ஒவ்வொண்ணும் கேமராவுலேர்ந்து எடுத்து அப்படியே ஏத்தினது. போன் திரைக்கு நூறு நூத்தைம்பது கே.பி. தாராளம், நீங்க வெச்சிருக்கறது எம்.பி. கணக்கு. ஆஸ்பத்திரி கூட்டத்துக்குள்ள சிக்னல் ஒரு கோடு நிக்கற இடத்துல முதல் படம் வர்றதுக்குள்ள ஆள் பின்னாடி போயிடுவார். முக்கியமான படமோ எழுத்தோ ரெண்டரை செகண்டுக்குள்ள வந்தா நல்லதுன்னு கூகுள் ஒரு அளவு வெச்சிருக்கு. அது மொபைல்ல எவ்வளவு வருதுன்னு, வேகம் பாக்க கூகுள் வெச்சிருக்கற பேஜ்ஸ்பீட்ல போட்டுக் காட்டச் சொல்லுங்க. பையன் தன் புது போன்ல, ஆபீஸ் வைஃபையில காட்டினா ஒத்துக்காதீங்க. உங்க ரிசப்ஷன்ல வேலை பாக்கறவர் போன்ல காட்டச் சொல்லுங்க.

அடுத்தது ஃபாரம். உங்களதுல பேரு, ஃபேக்ஸ் நம்பர், நாடு, பின்கோடுன்னு என்னென்னமோ கேக்குது. ஃபேக்ஸ்! பேரு, நம்பர், வர்ற தேதி, எத்தனை பேர் — அவ்வளவுதான். நம்பர் கட்டத்தைத் தொட்டா எண் கீபோர்டு வரணும். கட்டத்துக்குள்ள எழுத்து 16 பிக்சலுக்குக் குறைஞ்சா ஐபோன் தானே பெருசு பண்ணிப் பக்கத்தை ஒருபக்கமா இழுத்துடும், அதைப் பாத்துக்கணும். பட்டனைக் கட்டைவிரலால அமுக்கற அளவுக்கு வெக்கச் சொல்லுங்க. ஆப்பிள் 44, ஆண்ட்ராய்டு 48-ன்னு (பிக்சல் மாதிரி ஒரு திரை அலகுல) அளவு கொடுத்திருக்காங்க. 'கூப்பிட' பட்டனும் 'ரத்து' பட்டனும் ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

வங்காளியில ஒரு பக்கம் போடுங்க. வாசல் போர்டுல போட்டிருக்கீங்கல்ல, சைட்ல ஏன் இல்ல?

சைட் மேல திறந்ததும் வந்து விழற 'வணக்கம், ஆஃபர்' டப்பாவை எடுக்கச் சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல ஓரமா நிக்கும். போன்ல முழுத்திரையையும் மூடிடும், மூடற பெருக்கல் குறி எங்கயோ மூலையில இருக்கும்.

ஆகஸ்ட் 4

புது சைட் பாத்தேன். பரவால்ல, நல்லா வந்திருக்கு. நம்பர் அமுக்கினா கால் போகுது, நானே அமுக்கிப் பாத்தேன், எடுத்தவர் 'ஹோட்டல்'னு சொன்னதும் வெச்சுட்டேன், மன்னிக்கணும்.

ரெண்டு குறை. லிஃப்ட் இருக்கா இல்லையாங்கறது எங்கயும் இல்ல. அது முதல் திரையிலயே இருக்கணும், உங்களுக்கு வர்றவங்க பாதிப்பேர் மாடி ஏற முடியாதவங்க. லிஃப்ட் இல்லேன்னா கீழ்த்தளத்துல எத்தனை ரூம் இருக்குன்னு போடுங்க.

இன்னொண்ணு வாடகை. 'வாடகைக்கு அழைக்கவும்'னு போட்டிருக்கீங்க. ஊருலேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடி கைச்செலவுக்குக் கணக்குப் போடறவருக்கு இது எந்த விதத்துலயும் உதவாது. சீசனுக்கு மாறும்னா, குறைஞ்சபட்சம் இவ்வளவுலேர்ந்துன்னு போடுங்க, மாச வாடகை தனியாப் போடுங்க.

ஆகஸ்ட் 5

வாடகையைப் போட்டா பக்கத்து லாட்ஜ்காரர் பாத்துடுவாரேன்னு கேக்கறீங்க. அவர் எப்பவோ ஹிந்தியில பேசி, கஸ்டமர் மாதிரி உங்க ரிசப்ஷனுக்குப் போன் பண்ணி விசாரிச்சு வெச்சிருப்பார். ஏன், நீங்க அவருக்குப் பண்ணலையா?